வீடு தேடி மாத்திரை வந்துச்சு... இனி டாக்டரோட குரலும் வரட்டும்!



இன்று நவம்பர் 14, 2024. நேரு மாமா பிறந்தநாள், குழந்தைகள் தினம்னு காலையில இருந்து நம்ம டைம்லைன் முழுக்கப் பதிவு போட்டாச்சு. இதே நாள்தான் உலக நீரிழிவு நாளும். 1921-ல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவின் முதல் பெயர் ஃபிரெடெரிக் பான்டிங். அவருடைய பிறந்தநாள்தான் இன்னைக்கு. கோடி கோடியா சம்பாதிச்சிருக்கலாம். ஆனா அந்தக் குழு, காப்புரிமையை வெறும் ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தது. மருந்து எல்லாருக்கும் போய்ச் சேரணும்ங்கிற எண்ணம் அது. நம்ம இயக்கத்துக்கு ரொம்பப் பக்கமான எண்ணம்.

அதனால இந்தப் பதிவுல கட்-அவுட் இல்ல, மீம் இல்ல. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. உங்க வீட்டுல, தெருவுல, வார்டுல சுகர் இருக்கிற ஒருத்தர் முகத்தை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

எனக்கு வர்ற முகம் எங்க அப்பத்தா முகம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பத்தாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷமா சுகர். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாசா மாசம் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து விரலைக் குத்திப் பார்ப்பாங்க, மாத்திரையைக் கையில கொடுப்பாங்க. ஒரு மாசம் அளவு 280-ஐத் தாண்டியிருக்கு. "ஆத்தா, டோஸை மாத்தணும் போல. டாக்டரைப் பார்த்துட்டு வந்துரு"ன்னு அந்த அக்கா தெளிவா சொல்லியிருக்காங்க. அப்பத்தாவும் "அடுத்த வாரம் போறேன்த்தா"ன்னு சொல்லியிருக்கு.

அந்த அடுத்த வாரம் வர நாலு மாசம் ஆச்சு.

போகணும்னா ஒரு ஆள் துணைக்கு வேணும். அப்பா வேலையை விட்டுட்டு வரணும். காலையில கிளம்பினா திரும்ப மத்தியானம் ஆகும். நான் சென்னையில கம்ப்யூட்டர் முன்னாடி. போன் பண்ணினா, "எனக்கென்னய்யா, நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்டியா?"ன்னு பேச்சை மாத்திரும். இன்ஜினியரிங் படிச்ச பேரன் இல்லையா, நான் என்ன பண்ணேன் தெரியுமா? அப்பா போன்ல மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துற ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தேன். அது அப்பா சட்டைப் பையில, அப்பாவோட காட்டுக்குப் போயி, அங்க மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தா வீட்டுல.

சித்திரை மாசம் கோயிலுக்குச் செருப்பில்லாம நடந்துச்சு. பாதம் சுட்டது அதுக்குத் தெரியலை. ரொம்ப நாள் சுகர் இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிரும். கொப்புளம் வந்து, அது புண்ணாகி, எங்களுக்குத் தெரிய வந்தப்ப ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

யாரையும் குறை சொல்ல இதை எழுதலை. அக்கா சரியா வந்தாங்க, சரியா சொன்னாங்க. மாத்திரை சரியா வந்துச்சு. தப்பு எங்க வீட்டு மேலதான். ஆனா எங்க வீடு மட்டும்தான் இப்படின்னு நான் நம்பலை. மாத்திரை வாசலுக்கு வந்த மாதிரி, "டோஸை மாத்துங்க"ன்னு முடிவெடுக்கிற டாக்டரும் அதே வாசலுக்கு, அதே நிமிஷத்துல, ஒரு போன் திரையில வந்திருந்தா அந்த விரல் இன்னைக்கும் இருந்திருக்கும். இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இந்த ஒன்னுதான்.

▪ எவ்வளவு பேர்?

ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயோட வாழ்றவங்க சுமார் 10 கோடி பேர். பெரியவங்கள்ல 11.4 சதவீதம். நம்ம தமிழ்நாட்டுல இது 14.4 சதவீதம். ஏழு பேரை வரிசையா நிறுத்தினா ஒருத்தர்! மாட்டுத்தாவணியில் ஒரு டவுன் பஸ்ல ஏறிப் பாருங்க, சீட்டுல உட்கார்ந்திருக்கிற பெரியவங்கள்ல அஞ்சாறு பேர் அந்தக் கணக்குல வருவாங்க.

இது "பணக்காரங்க வியாதி"ங்கிற காலம் எப்பவோ மலையேறிப் போச்சு. நெல்லு நாத்து நடுறவங்களுக்கும் இருக்கு, லோடு தூக்குறவங்களுக்கும் இருக்கு, விடியறதுக்கு முன்னாடி மல்லிகைப்பூ பறிக்கப் போற அக்காக்களுக்கும் இருக்கு.

சுகரோட குணம் என்னன்னா, அது ஒரு நாள் வந்து ஒரு நாள் போற காய்ச்சல் இல்ல. தினமும் முடிவெடுக்க வேண்டிய நோய். இன்னைக்கு ரெண்டு இட்லியா மூணா? சாப்பாடு லேட்டானா மாத்திரையை என்ன பண்றது? கை நடுங்குதே, இது சுகர் ஏறினதா இறங்கினதா? காய்ச்சல் வந்திருக்கே, ஊசி போடலாமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒருத்தர் மாசம் தவறாம டாக்டரைப் பார்க்குறார், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் கிடைக்குதுன்னு வைங்க. பத்து நிமிஷம் கிடைக்கிறதே பெருசு! வருஷத்துக்கு மொத்தம் ரெண்டு மணி நேரம். ஒரு வருஷத்துல இருக்கிறது 8,760 மணி நேரம். மிச்ச 8,758 மணி நேரமும் அந்த மனுஷன் தனியாத்தான் முடிவெடுக்கிறார். அந்தத் தனிமையைக் குறைக்கிறதுக்குப் பேர்தான் தொலைமருத்துவம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அது மாற்று இல்ல. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் அடுத்த தடவை போறதுக்கும் நடுவுல போடுற பாலம்.

▪ நாம ஏற்கெனவே எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?

1999-ல் தலைவர் கலைஞர் "வருமுன் காப்போம்" திட்டத்தைத் தொடங்கினார். நோய் முத்தின பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடாம, முகாம் போட்டு முன்னாடியே கண்டுபிடிக்கணும்ங்கிறது அதோட அடிப்படை. அதோட அடுத்த படிதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மாண்புமிகு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்கள் தொடங்கி வைத்த "மக்களைத் தேடி மருத்துவம்". முகாமுக்கு வர முடியாதவரைத் தேடி வாசலுக்கே போறது. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்தில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. 2024 செப்டம்பரில், தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐ.நா.வின் பன்முகமைப் பணிக்குழு விருது நம்ம திட்டத்துக்குக் கிடைச்சது.

அந்த விருதை உண்மையிலேயே வாங்கினது யாரு? வெயில்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு, தோள்ல பையை மாட்டிக்கிட்டு, பி.பி. மெஷினும் சுகர் மெஷினுமா வீடு வீடா ஏறி இறங்குற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அக்காக்கள். சுய உதவிக் குழுவில் இருந்து வந்தவங்க. ஊர்ல எந்த வீட்டுல யாருக்கு என்ன வியாதின்னு அவங்களுக்குத் தெரியும். எந்தத் தாத்தா மாத்திரையை வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சுட்டு முழுங்காம இருக்கார்னும் தெரியும்.

இன்னொரு பக்கம், தொலைமருத்துவம் நமக்குப் புதுசு இல்ல. கொரோனா ஊரடங்கு நேரத்துல 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் நாட்டுல முறைப்படி வந்துச்சு. ஏப்ரல் மாசம் வீட்டுல இருந்தே டாக்டர்கிட்ட பேசுற இ-சஞ்சீவனி ஓ.பி.டி. வந்துச்சு. ஒன்றிய அரசோட தளம்தான், அதைச் சொல்றதுல நமக்கு என்ன கூச்சம்? நல்லது யார் செஞ்சாலும் நல்லதுதான். ஆனா அதை எடுத்து ஓட்டினது யாருன்னும் சேர்த்துச் சொல்லணும். 2020 அக்டோபரில் அந்தத் தளம் அஞ்சு லட்சம் ஆலோசனையைத் தொட்டப்போ மாநிலங்கள்ல முதலிடம் தமிழ்நாடு. ஏன்? டாக்டர், நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம்னு தரையில கட்டமைப்பு இருந்துச்சு.

ஆக, ஒரு பக்கம் வாசலுக்குப் போற அக்கா. இன்னொரு பக்கம் திரையில பேசத் தயாரா இருக்கிற டாக்டர். இந்த ரெண்டையும் ஒரே நிமிஷத்துல சேர்க்கிறது ஒவ்வொரு ஊர்லயும் வழக்கமாகணும். அதுதான் மிச்சம் இருக்கிற வேலை.

▪ "இதெல்லாம் நடக்கிற காரியமா?" நடந்திருக்கு. நம்ம மதுரையிலேயே!

மதுரைக்காரங்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையைப் பத்தி அறிமுகம் தேவையில்ல. டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியில இருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் அண்ணாநகர்ல 11 படுக்கையோட தொடங்கினார். ஊர் ஊரா முகாம் போட்டாங்க. முகாம் மட்டும் போதலைன்னு தெரிஞ்சதும் சின்ன ஊர்கள்ல நிரந்தரக் கண் பரிசோதனை மையம் வச்சாங்க. அங்க டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைச் சோதிச்சு, படம் எடுத்து அனுப்புவாங்க. தாய் மருத்துவமனையில இருக்கிற டாக்டர் அதைப் பார்த்து, நோயாளிகிட்ட திரையில நேராப் பேசுவார்.

இது எப்போ? இப்போ இருக்கிற ஜியோ, 4ஜி எதுவும் இல்லாத காலம். 2006 வாக்குல தேனியில கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோட சேர்ந்து, கோபுரத்துக்குக் கோபுரம் நீண்டதூர வைஃபை இணைப்பு கொடுத்து அஞ்சு மையத்தை மருத்துவமனையோட இணைச்சாங்க. மலை அடிவாரத்து ஊர்ல உட்கார்ந்திருந்த பாட்டி தேனி டாக்டர்கிட்ட வீடியோவுல பேசுச்சு. கிட்டத்தட்ட 18 வருஷத்துக்கு முன்னாடி!

சுகருக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதிக்கும்போது முதல்ல வலிக்காது, பார்வையும் மங்காது. தெரிய வரும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தா முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்ற செயற்கை நுண்ணறிவை கூகுள் உருவாக்கினப்போ அதுக்குக் கை கொடுத்த மருத்துவமனைகள்ல அரவிந்தும் ஒன்னு. ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி உண்மையான நோயாளிகளுக்கு முதன்முதலா அது பயன்பாட்டுக்கு வந்ததா 2019-ல் அறிவிச்ச இடம் எது? சான் ஃபிரான்சிஸ்கோ இல்ல. நம்ம மதுரை!

"கண்ணுக்கு சரி, சுகருக்கே இப்படி செஞ்சிருக்காங்களா?"ன்னு கேட்டா, அதுவும் தமிழ்நாட்டுலதான். 2006-ல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் சூனாம்பேடு பகுதியில டாக்டர் வி.மோகன் தலைமையிலான சென்னை மருத்துவக் குழு ஒரு வேனைக் கொண்டுபோச்சு. மேல இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்புக்கான ஆன்டெனா, உள்ள விழித்திரை கேமரா. 42 கிராமம். பெரியவங்க 27,014 பேர்ல 23,449 பேரைச் சோதிச்சாங்க. அந்த ஊர்ப் பசங்களுக்கே பயிற்சி கொடுத்து வேலையில வச்சாங்க. ஒரு வருஷத்துல சராசரி எச்.பி.ஏ.1.சி. 9.3-ல இருந்து 8.5-க்கு இறங்குச்சு. எச்.பி.ஏ.1.சி.ன்னா மூணு மாசத்து சர்க்கரையோட சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை. பாதிக்கப்பட்டவங்கள்ல சென்னைக்குப் போக வேண்டியிருந்தது 5 சதவீதத்துக்கும் குறைவு.

யோசிச்சுப் பாருங்க. நூத்துல 95 பேருக்குச் சென்னைப் பயணம் மிச்சம்!

இந்த ரெண்டு அனுபவத்துலயும் பொதுவான விஷயம் ஒன்னு இருக்கு. நடுவுல ஒரு ஊர்க்காரர் இருக்கார். கேமராவைப் பிடிக்க, பாட்டி சொல்றதை டாக்டருக்குப் புரிய வைக்க, டாக்டர் சொன்னதைப் பாட்டிக்குத் திரும்பச் சொல்ல. வெறும் ஆப் மட்டும் இருந்தா, எங்க அப்பா சட்டைப் பையில அடிச்ச மணி கதைதான். கருவியையும் மனுஷியையும் சேர்த்தால்தான் தொலைமருத்துவம். அந்த மனுஷி நம்மகிட்ட ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்காங்க. இது நம்மோட பெரிய பலம்.

▪ எய்ம்ஸ் செங்கல் கதை

இந்த இடத்துல இதைச் சொல்லாம போனா மதுரைக்காரனா இருக்க முடியாது. 2019 ஜனவரி 27 அன்று தோப்பூரில் பிரதமர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார். முதல் பேட்ச் மாணவர்கள் 2022-ல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில உட்கார்ந்து பாடம் படிக்க ஆரம்பிச்சாங்க. 2024 நவம்பர் ஆச்சு. தென் மாவட்ட மக்கள் இன்னமும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. எய்ம்ஸ் வரணும், சீக்கிரம் வரணும். அந்தக் கோரிக்கையை நாம விடப் போறதில்ல.

ஆனா ஒரு உண்மையையும் பேசுவோம். நாளைக்கே எய்ம்ஸ் திறந்தாலும், சேடப்பட்டியில இருக்கிற அம்மா ஒவ்வொரு மாசமும் டோஸ் மாத்துறதுக்காகத் தோப்பூர் போகப் போறதில்ல, போகவும் தேவையில்ல. கோரிப்பாளையத்துல நம்ம பெரியாஸ்பத்திரி ஓ.பி. வரிசையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அதுல நிக்கிறவங்கள்ல பல பேர் பக்கத்து மாவட்டத்துல இருந்து முதல் பஸ் பிடிச்சு வந்தவங்க. போன்ல முடியற வேலை போன்லயே முடிஞ்சா, நேர்ல பார்த்தே ஆகணும்ங்கிறவங்களுக்கு டாக்டரோட நேரம் கிடைக்கும். கால் புண்ணோட வர்றவருக்கு வரிசை சின்னதாகும்.

▪ நம்ம அரசிடம் உரிமையோட கேட்கிற அஞ்சு விஷயம்

நம்ம ஆட்சி, நம்ம திட்டம். அதனால பாராட்டோட நிறுத்திக்காம, கேட்கவும் நமக்கு உரிமை இருக்கு.

1. வாசல்லயே வீடியோ கால். தன்னார்வலர் அக்கா சோதிக்கும்போது அளவு ரொம்ப ஏறியோ இறங்கியோ இருந்தா, காலில் புண் இருந்தா, "போய் டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு நகராம, அங்கேயே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோட திரையில பேச வைக்கணும். தொடர் சிகிச்சையில இருக்கிறவங்களுக்கு டாக்டர் தொலைவுல இருந்தே மருந்தைத் தொடரவும் சில மருந்துகளைச் சேர்க்கவும் நெறிமுறையில இடம் இருக்கு.

2. சாயங்கால நேரம். பூப்பறிக்கப் போறவங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, கட்டட வேலைக்கு மதுரை வர்றவங்க, இவங்க யாரும் பகல் பதினோரு மணிக்கு வீட்டுல இருக்க மாட்டாங்க. வாரத்துல ரெண்டு நாளாவது சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஒன்பது வரை சுகர், பி.பி.க்குன்னு தனி அழைப்பு நேரம் வேணும்.

3. ஒரே டாக்டர் குழு, ஒரே பதிவு. ஒவ்வொரு தடவையும் புது டாக்டர், "உங்களுக்கு எத்தனை வருஷமா சுகர்?"ல இருந்து ஆரம்பிச்சா பாட்டிக்குச் சலிப்பு வந்துரும். போன மாசத்து அளவு, மாத்திரை, கண் பரிசோதனை எல்லாம் டாக்டர் திரையில முதல்லயே இருக்கணும். அந்தத் தகவல் எந்தக் கம்பெனிக்கும் போகவே கூடாது. நாடாளுமன்றம் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டாச்சு. ஏழையோட ரத்தச் சர்க்கரை அளவும் அவரோட சொத்துதான்.

4. வருஷத்துக்கு ஒரு கண் படம், மாசத்துக்கு ஒரு பாதப் படம். வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்னுலயும் விழித்திரை கேமரா இருக்கணும். படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினா போதும். பாதத்துக்கு அதுகூட வேண்டாம், அக்கா கையில இருக்கிற போனே போதும். எங்க அப்பத்தாவோட கொப்புளத்தை ஒருத்தர் படம் எடுத்திருந்தா கதையே வேற.

5. அக்காக்களுக்கு உரிய மரியாதை. வேலை கூடும்போது ஊக்கத்தொகையும் கூடணும். போனும் டேட்டா ரீசார்ஜும் அரசு செலவுல வரணும். அவங்க சொந்தக் காசுல நெட் போட்டு அடுத்தவங்க உயிரைக் காப்பாத்துற நிலை வரக் கூடாது. இது சமூக நீதிக் கணக்கு.

"கிராமத்துல சிக்னல் இல்லையே தம்பி"ன்னு சில அண்ணன்கள் கேட்பீங்க. நியாயமான கேள்வி. 12,525 கிராம ஊராட்சிகளை ஃபைபர் வழியா இணைக்கிற வேலை நடந்துக்கிட்டு இருக்கு. 2024-ல் அதைக் கையில வச்சிருந்த தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் நம்ம மதுரை மத்திய தொகுதி எம்.எல்.ஏ. அண்ணன் பி.டி.ஆர். பழனிவேல் தியாகராஜன். ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வர்ற அந்தக் கம்பி, பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்கும் போகட்டும். வீடியோ எடுக்காத இடத்துல சாதா போன் கால் போதும். அளவைப் படிச்சுச் சொல்ல அக்கா இருக்காங்கல்ல?

▪ திரையை நம்பி இருக்கக் கூடாத நேரங்கள்

தொலைமருத்துவம்னு சொன்னதும் எல்லாத்துக்கும் போனே போதும்னு யாரும் நினைச்சிரக் கூடாது. கீழே இருக்கிறதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்ல போடுங்க.

▸ நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுக்குது, பேச்சுக் குழறுது, மயக்கம்: உடனே 108.

▸ காலில் விரல் கறுத்திருக்கு, சீழ் வருது, புண்ணோட காய்ச்சலும் இருக்கு: நேரா ஆஸ்பத்திரி. அன்னைக்கே.

▸ அளவு ரொம்ப ஏறி, கூடவே வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குது: நேரா ஆஸ்பத்திரி.

▸ திடீர்னு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடன்னு வருது: சுகர் இறங்கியிருக்கலாம். மெஷின்ல 70-க்குக் கீழ இருந்தாலோ, மெஷினே கையில இல்லைன்னாலோ, நினைவு இருக்கும்போதே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கக் கொடுங்க. பதினஞ்சு நிமிஷத்துல திரும்பப் பாருங்க. நினைவு தப்பியிருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

இப்படி உயிர் போற அவசரம் இல்லாத சந்தேகம் எதுவா இருந்தாலும் 104-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

▪ ஐ.டி. விங் தோழர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை

தினமும் எத்தனை பொய்ச் செய்தியை நாம உடைக்கிறோம்! எடிட் பண்ணின வீடியோ, பழைய போட்டோ, போலி நியூஸ் கார்டு, எல்லாத்துக்கும் பத்து நிமிஷத்துல பதில் போடுறோம். ஆனா நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "48 நாளில் சர்க்கரைக்கு விடை கொடுங்கள், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்"னு ஒரு ஃபார்வேர்டு வந்தா, பெரியப்பா அனுப்பினதாச்சேன்னு சும்மா கடந்து போயிடுறோம். அரசியல் பொய் ஓட்டைத் திருடும். இந்தப் பொய் காலை எடுக்கும், கண்ணை எடுக்கும், கிட்னியை எடுக்கும்.

முக்கியமா, சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற முதல் வகை சர்க்கரை நோய். அவங்க உடம்புல இன்சுலின் சுரக்காது, ஊசிதான் உயிர். "பிஞ்சுக் குழந்தைக்கு ஊசியா"ன்னு நிறுத்திட்டு லேகியம் கொடுத்தா அந்த உயிர் நிக்காது. குழந்தைகள் தினத்தன்று இதைச் சொல்லாம வேற என்னைக்குச் சொல்றது?

அதே மாதிரி, "வீடியோ காலில் சுகர் குணம்"னு பேக்கேஜ் விக்கிற விளம்பரங்கள். தொலைமருத்துவத்துல பேசுற டாக்டர், தன் பேரையும் பதிவு எண்ணையும் தெரிவிக்கணும்னு நெறிமுறை சொல்லுது. எண்ணைச் சொல்லத் தயங்குறவர்கிட்ட காசு கட்டாதீங்க.

▪ நாம செய்ய வேண்டியது

ஒவ்வொரு பூத்துக்கும் நம்மகிட்ட ஆள் இருக்கு. வாக்காளர் பட்டியலை வரி வரியா மனப்பாடமா சொல்ற பாகமுகவர் இருக்கார். அந்த உழைப்புல ஒரு ஞாயித்துக்கிழமையை இதுக்குக் கொடுங்க.

உங்க தெருவுல தனியா இருக்கிற பெரியவங்க யாரு, அவங்களுக்கு சுகர் இருக்கான்னு கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் இல்லைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லிச் சேர்த்து விடுங்க. ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீட்டுக்குப் போயி, உங்க போன்ல இ-சஞ்சீவனியில ஒரு தடவை டாக்டர்கிட்ட பேச வையுங்க. பேசும்போது நோட்டுப் புத்தகம், மாத்திரை அட்டை, கடைசி ரிப்போர்ட் மூணும் பக்கத்துல இருக்கட்டும். பேசி முடிச்சதும் மருந்துச் சீட்டைத் தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. முடிஞ்சா அவரோட பாதத்தையும் ஒரு தடவை பாருங்க. வெடிப்பு, கொப்புளம், புண் எதாவது இருக்கான்னு. பெரியவங்க காலைத் தொடுறதுல நமக்கென்ன குறைச்சல்?

ஒன்னே ஒன்னு: அந்த வீட்டுல கட்சி கேட்காதீங்க. ரத்தத்துல சர்க்கரை ஏறும்போது அது எந்தக் கொடின்னு பார்த்து ஏறுறதில்ல. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் போடாதீங்க. அவங்க வியாதி நமக்கு விளம்பரம் இல்ல.

அப்பத்தா இப்போ செருப்புப் போட்டுத்தான் நடக்குது, வீட்டுக்குள்ளயும். ஞாயித்துக்கிழமை காலையில நான் வீடியோ கால் பண்ணும்போது முதல்ல முகத்தைக் காட்டாது. போனைக் கீழ கொண்டுபோய், "இந்தா பாருய்யா"ன்னு ரெண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டும். அப்புறம்தான், "சாப்டியா?"

அந்தப் பக்கம் இருந்து பார்க்கிறது நானா இல்லாம ஒரு டாக்டரா இருக்கணும். என் அப்பத்தாவுக்கு மட்டும் இல்ல, மேலூர்ல, வாடிப்பட்டியில, பேரையூர்ல, செல்லூர்ல இருக்கிற எல்லா அப்பத்தாவுக்கும்.

மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவர முடியும்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம அரசு. டாக்டரையும் கொண்டு வரும். கேட்போம், கூடவே நின்னு செஞ்சு முடிப்போம்.

பகிருங்கள் உடன்பிறப்புகளே. உங்க தெருவுல இந்தத் திட்டம் எப்படி நடக்குது, எங்க இடறுதுன்னு கமென்ட்ல எழுதுங்க. நல்லதையும் எழுதுங்க, குறையையும் எழுதுங்க. தொகுத்து மேலே கொண்டு போறது எங்க பொறுப்பு.

#மக்களைத்தேடிமருத்துவம் #உலகநீரிழிவுநாள் #வாசலுக்குவரட்டும்டாக்டர்